குளிர் குடித்தவர்

ஒரு கப்பலின் வயிற்றுக்குள் நான் முழங்கால் போட்டிருக்கிறேன். கோயிலில்கூட இவ்வளவு நேரம் முழங்கால் போட்டதில்லை. எங்கள் பங்குச் சாமியாரைக் கேட்டால் சத்தியம் செய்வார். இடப்பக்கம் ஒரு ஜெர்மன் கார், வலப்பக்கம் ஒரு ஜெர்மன் கார், நடுவில் என் தொப்பை. கையை நீட்டி ஒரு காரின் சைலன்சர் குழாயைத் தொடுகிறேன். வெதுவெதுப்பு. அடுத்த கார். அதே வெதுவெதுப்பு. அந்த வெயிலில், அந்த இரும்புக்குள், எல்லாமே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் சுட வேண்டும்.

சுடுகிற அந்த வண்டிக்குள் குணம் அண்ணன் இருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, படுத்திருந்தார். எந்த வண்டி என்று யாருக்கும் தெரியாது. மத்தியான இடைவேளைக்காகக் கப்பலின் பெரிய விசிறிகளை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

சென்ற வாரம் நான் துபாயில் டிரைவிங் லைசென்ஸுக்குப் போய்த் தோற்ற கதையைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள், இந்த வாரமும் சிரிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டியிருந்தால், என்னை மன்னிக்கவேண்டும். நானும் சிரிக்கத்தான் உட்கார்ந்தேன். பேனா இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஓட்டத் தெரியாத மாஸ்டர்

ஜெபல் அலி துறைமுகத்தில் கார் ஏற்றிவரும் கப்பல்களைப் பார்த்தால் கப்பல் மாதிரியே இருக்காது. ஜன்னல் இல்லாத பெரிய அடுக்குமாடியைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி இருக்கும். பின்பக்கம் வாயைத் திறந்து ஒரு சரிவுப் பலகையைக் கரையில் போடும். எங்கள் ஆட்கள் வேனில் உள்ளே போவார்கள். ஆளுக்கொரு காரை ஓட்டிக்கொண்டு வரிசையாக வெளியே வருவார்கள். கரையிலுள்ள யார்டில் நிறுத்துவார்கள். வேன் அவர்களைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போகும். கப்பல் காலியாகும்வரை இதேதான்.

உலகத்திலேயே அதிக விலையுள்ள கார்களை ஓட்டியவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஆனால் இரண்டாவது கியரைத் தாண்டியவர் ஒருவரும் கிடையாது.

என் வேலை சரிவுப் பலகையின் ஓரத்தில் குடையும் ஸ்கேனருமாக நின்று, வெளியே வரும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ‘கீச்’ என்று ஒரு சத்தம் எழுப்புவது. ஓட்டத் தெரியாது என்பதால் தந்தார்கள். தெரிந்திருந்தாலும் பயனில்லை. கப்பலுக்குள் கார்களை ஒரு முழ இடைவெளியில் நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சந்தில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து நுழைய ஒல்லியான உடம்பு வேண்டும். என் உடம்பை எங்கள் கடற்கரையில் மீன் போட்டு வளர்த்துவிட்டார்கள்.

கூடவே இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கம்பெனியின் சரித்திரப் படத்தைப் போட்டுக் காட்டி, தமிழிலும் இந்தியிலும் சொல்லவேண்டும். என் இந்தியைக் கேட்டால் பீகார்காரன் அழுவான், பெஷாவர்காரன் சிரிப்பான். அதனால் எல்லாரும் என்னை ‘மாஸ்டர்’ என்றார்கள். வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் கம்பெனி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தொழிலாளர் கேம்புக்குப் போவார்.

படம் முடிந்ததும் விதிகளைச் சொல்வேன். பித்தான் வைத்த உடுப்பு கூடாது. பெல்ட் கூடாது. வாட்ச், மோதிரம், கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. பெயின்டில் ஒரு மயிரிழை கீறல் விழுந்தாலும் வீட்டுக்கு டிக்கெட். உள்ளே போகுமுன் எல்லாவற்றையும், செல்போன் உட்பட, ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். தினமும் காலையில் கல்யாண மோதிரங்களைக் கழற்றிப் போடும்போது எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடிப்பார்கள்.

ஜெர்மன் சில்வர்

நான் வளர்ந்த வீட்டில் ஜெர்மனியிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. ‘ஜெர்மன் சில்வர்’ குண்டான். அம்மா அதில்தான் மீன்குழம்பு வைப்பாள். அதில் ஜெர்மனியும் கிடையாது, வெள்ளியும் கிடையாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அக்கம்பக்கத்தில் அந்தக் குண்டானுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு தேசத்தின் பெயர் ஒரு பாத்திரத்தைத் தூக்கி நிறுத்துகிறதென்றால், காரைத் தூக்கி நிறுத்தாதா?

வளைகுடாவில் அந்தப் பெயருக்கு இருக்கும் மவுசு தனி. எண்ணெய் வந்த புதிதில் ஒட்டகத்திலிருந்து இறங்கியவர்கள் நேராக இந்தக் கம்பெனிக் காரில்தான் ஏறினார்கள் என்று ஷோரூம்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கும் கல்யாணத்துக்கு இதுதான், மந்திரி வருவதற்கும் இதுதான். வாங்கியவர்கள் சீட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை வருஷக்கணக்கில் உரிக்கமாட்டார்கள். உரித்தால் பழசாகிவிடும்.

கம்பெனியின் படம் நன்றாக எடுத்திருந்தார்கள். முதலில் ஒரு கொட்டகை. அதற்குள் பெரிய மீசையோடு ஒரு மெக்கானிக். அவர் கட்டிய எஞ்சின் இருமுகிறது, ஊர்க்காரர்கள் காதைப் பொத்துகிறார்கள். பிறகு பந்தயங்கள், கோப்பைகள், மாலைகள். முப்பதுகள் வரை வந்ததும் திரை ஒரு நிமிஷம் இருட்டாகும். வெளிச்சம் வரும்போது ஐம்பதுகள். கடற்கரையில் ஒரு குடும்பம், காரின் மேல் கூடை, குழந்தைகள் கையில் ஐஸ்கிரீம்.

அப்புறம் இந்தக் காலம். கதவு சாத்தும் சத்தத்துக்கென்றே ஆய்வுக்கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்களாம். மெத்தென்று சாத்தவேண்டும், சாத்தினால் வெளியே இடி இடித்தாலும் உள்ளே கேட்கக்கூடாது. கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடுகிற காரின் சைலன்சரில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக் காட்டுவாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கும். அந்த இடத்தில் எல்லாரும் கைதட்டுவார்கள். ஜெர்மன் வண்டிகளின் புகை பற்றி உலகமெல்லாம் நடந்த களேபரம், சோதனைக் கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கும்படி வண்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்த சமாச்சாரம், எல்லாம் செய்தியில் வந்து ஓய்ந்துபோயிருந்தது. எங்கள் கேம்பில் செய்தி பார்க்கிறவன் யார்? கைக்குட்டையைத்தான் பார்த்தார்கள்.

இருட்டின் இடத்தில்

குணம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். நெல்லியடிப் பக்கம். ஐம்பதைத் தாண்டியவர். முருங்கைக்காய் மாதிரி உடம்பு, அதனால் கப்பலுக்குள் அவருக்கு நல்ல பெயர். எவ்வளவு நெருக்கிய சந்திலும் நுழைந்து கதவைத் திறந்துவிடுவார். ஊரில் லாரி ஓட்டியவர், சண்டைக் காலத்தில் எல்லாவற்றையும் ஓட்டியவர். எதையெதை என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கார் விலையைக் கேட்டார்கள். அவர் ஒருத்தர்தான் இருட்டைப் பற்றிக் கேட்டார்.

“தம்பி, முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில இவை என்ன செய்தவை?”

எனக்குத் தெரியாது என்றேன். படத்தில் இல்லாதது மாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

“இருக்கும்,” என்றார். “எங்கட பக்கத்திலயும் சில வருசங்களைக் கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். லைட்டை நூத்துப் போட்டு நூத்துப் போட்டுத்தான் கதை சொல்லுவினம்.” நூத்து என்றால் அணைத்து.

அந்தச் சமயம் ஜெர்மனியிலிருந்து யூர்கன் என்ற தரப் பரிசோதகர் வந்திருந்தார். நெட்டையான, வெயிலில் இறால் மாதிரி சிவந்துபோன மனிதர். கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து சாம்பாரைச் சூப் என்று நினைத்துக் குடிப்பார். நாங்களும் திருத்தவில்லை, அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? குணம் அண்ணன் என்னை விலாவில் இடித்தார். நான் கேள்வியை இங்கிலீஷில் கேட்டேன்.

யூர்கன் கரண்டியைக் கீழே வைத்தார். சுற்றிவளைக்காமல் சொன்னார். யுத்தத்துக்காக எஞ்சின் செய்தார்களாம். ஆள் போதவில்லையாம். பிடித்த நாடுகளிலிருந்து ஆட்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்களாம், கைதிகளும் உண்டாம். தொழிற்சாலைப் பக்கத்திலேயே மரக் கொட்டகைகள், கம்பிவேலி, சட்டையில் அடையாளத் துணி. பாதிப்பேர் திரும்பிப் போகவில்லை. கம்பெனி பிற்காலத்தில் ஒத்துக்கொண்டது, புத்தகமே போட்டிருக்கிறது. வளைகுடாவுக்கு அனுப்பும் படத்தில் மட்டும் அது இல்லை. “படம் நீளமாகிவிடும் என்றார்கள்,” என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். குணம் அண்ணன் மோரைக் குடித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவைக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவு குடுத்தவையோ எண்டு கேளுங்கோ.”

எங்களுக்கு அப்படித்தான் லீவு. மேசையில் இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். யூர்கன் என்ன என்று என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. சாம்பார் நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, ஒப்பிடுவது தப்பு. எங்களை யாரும் ரயிலில் ஏற்றவில்லை. நாங்களாகவே நகையை அடகு வைத்து விமானத்தில் ஏறி வந்தோம். அதை குணம் அண்ணனும் அறிவார். ஆனால் அன்றைக்கப்புறம் படம் ஓடும்போது இருட்டு வந்தால் அவர் மட்டும் எழுந்து நிற்பார். பள்ளிக்கூடத்தில் அஞ்சலி செலுத்துகிற மாதிரி. எல்லாரும் கேலி செய்வார்கள். “குணம் பாய், யல்லா, பைட்டோ,” என்று இழுத்து உட்காரவைப்பார்கள். நான் செய்கிற கோமாளித்தனங்களைத் தூக்கிச் சாப்பிடுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஏசி

வெயில் காலத்தில் மத்தியானம் திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். கப்பலுக்கு உள்ளே வெயில் கிடையாது, அதனால் அது திறந்த வெளி கிடையாது என்று முதலில் ஒரு வாதம் நடந்தது. பிறகு இடைவேளை விட்டார்கள். தகரக் கூரை போட்ட ஒரு நிழலில் உட்காரவேண்டும். அந்தத் தகரத்தின் கீழ் உட்காருவதற்கு வெயிலிலேயே நிற்கலாம்.

புதுக் காரில் ஏசி போடக்கூடாது. அது கடுமையான விதி. பெட்ரோல் கொஞ்சமாகத்தான் ஊற்றி அனுப்புவார்கள், பேட்டரி இறங்கும், வாங்குகிறவனுக்கு முன்னால் இன்னொருத்தன் குளிர் அனுபவித்திருக்கக்கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் சீட்டில் வழுக்கிக்கொண்டு, அனல் காற்றில்தான் ஓட்டிவர வேண்டும். அவர்களுடைய சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும்.

அதனால் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ‘குளிர் குடிக்கிறது’ என்று பெயர். யார் வைத்த பெயரோ, தமிழர்கள் சொல்லி, பெஷாவர்ப் பட்டாணியர்களும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். இடைவேளைக்கு வெளியேறும் கூட்டத்தில் ஒருவர் பின்தங்குவார். ஏதாவது ஒரு காருக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டு, ஏசியைப் போட்டுக் கொஞ்சநேரம் கிடப்பார். இன்னொருத்தர் படிக்கட்டின் மேல்முனையில் காவல் நிற்பார். சூப்பர்வைசர் வந்தால் விசில் அடிப்பார். வராவிட்டால், போதும் என்று தோன்றும்போது, போய்க் கூப்பிடுவார். முறைவைத்துக் குடிப்பார்கள். முடியாதவர்களுக்கு முறை முன்னால் வரும்.

உள்ளே புகை சேருமே என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கைக்குட்டை வெள்ளையாக இருந்ததை எல்லாரும் கண்ணால் கண்டிருந்தார்கள். ஊரில் பழைய லாரியின் பின்னால் நின்றாலே ஓடிப்போகிற ஆட்கள், இந்த வண்டி என்றால் சைலன்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். பெயர் அப்படி.

ஒரு தலை குறைந்தது

அன்றைக்குக் காலையிலேயே குணம் அண்ணனுக்குத் தலை சுற்றியது. சர்க்கரைக்கு மருந்து எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுத்தேன் என்றார். சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மத்தியானம் முறை அவருக்கு முன்னால் வந்தது. காவலுக்கு நின்றவர் நவாஸ் பாய், பெஷாவர் பக்கத்து ஆள். நல்ல உயரம், நல்ல மனசு, விசில் அடிப்பதில் கெட்டிக்காரர்.

நடந்தது இவ்வளவுதான். சூப்பர்வைசர் ஹம்சாக்கா மலப்புறத்துக்காரர் (அங்கே அண்ணனை ‘இக்கா’ என்பார்கள்), எப்போதும் கீழ்ப்பாதை வழியாக வருகிறவர், அன்று மேல்தட்டிலிருந்து இறங்கி நவாஸின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். இங்கே என்ன செய்கிறாய் என்றார். உள்ளே ஆள் இருக்கிறார் என்று சொன்னால் குணம் அண்ணனுக்கு வேலை போகும், விசா போகும். நவாஸ் வாயைத் திறக்கவில்லை. ஹம்சாக்கா அவரை வேனில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். பின்னாலேயே கப்பல்காரர்கள் பாதையை மூடி, விசிறிகளை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

நவாஸ் தகரக் கூரைக்குக் கீழே உட்காரவில்லை. நடந்துகொண்டே இருந்தார். அவருக்குப் பல்வலியோ என்று எனக்குத் தோன்றியது. “என்ன பாய், பெண்டாட்டி ஞாபகமா?” என்று கேட்டுவைத்தேன். அவர் கப்பலையே பார்த்தார். தானாகவே எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். தூங்கினாலும் மனுஷன் எழுந்திருப்பான்தானே என்றார்.

கூடையில் ஒரு செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் எல்லாருக்கும் வீட்டிலிருந்து போன் வரும், தெரிந்ததுதானே என்று எடுத்துப் பார்க்கவில்லை.

இடைவேளை முடிந்து வேனில் ஏறும்போது ஹம்சாக்கா தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். நவாஸ் என் கையைப் பிடித்தார்.

“மாஸ்டர், குணம் பாய் அந்தர் ஹை.” உள்ளே இருக்கிறார். கத்தவில்லை. காதில்தான் சொன்னார்.

எந்த வண்டி என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். படிக்கட்டிலிருந்து பார்த்தால் வண்டி தெரியாது. ஏழாவது தட்டு என்பது மட்டும் தெரியும்.

ஏழாவது தட்டில் வண்டிகள் நெல்நாற்று மாதிரி நின்றன. எல்லாம் ஒரே வெள்ளை. வெயிலும் உப்பும் படாமலிருக்கக் கண்ணாடி தவிர மற்றதெல்லாம் வெள்ளைத் தாளால் போர்த்தியிருந்தது. பக்கக் கண்ணாடியோ கறுப்புக் கண்ணாடி. கூப்பிட்டோம். இடி இடித்தாலும் உள்ளே கேட்காத கதவுகள். காது கொடுத்துக் கேட்டோம். ஓடுகிற எஞ்சினின் சத்தம் வெளியே வராது. அதற்கும் ஆய்வுக்கூடத்தில் ஆட்கள் உண்டு. மூக்கும் உதவவில்லை. காலையிலிருந்து சுவாசித்த புகையில் எங்கள் மூக்கு மரத்துப்போயிருந்தது. அந்தக் கம்பெனி நூறு வருஷமாகப் பாடுபட்டு உண்டாக்கிய நல்ல குணங்கள் அத்தனையும் சேர்ந்து அவரை எங்களிடமிருந்து ஒளித்துவைத்திருந்தன.

யூர்கன் கூடவே ஓடி வந்திருந்தார். அவர்தான் சைலன்சரைத் தொடச் சொன்னார். வெள்ளைச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து வரிசைக்கடியில் ஊர்ந்தார். நான் சந்தில் முழங்கால் போட்டேன். நவாஸ் ஒரு வரிசை, ஹம்சாக்கா ஒரு வரிசை. கப்பல்காரர்களிடம் விசிறியைப் போடச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தோம். அது இரைச்சலோடு சுற்ற ஆரம்பித்தபோது எனக்குத் தலை கனத்தது. எழுந்து நின்றுகொள் என்று யாரோ மலையாளத்தில் திட்டினார்கள்.

யூர்கன் ஜெர்மனில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். ஒருத்தருக்கும் புரியவில்லை. எல்லாரும் ஓடினோம்.

கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுத்திருந்தார். செருப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஜோடியாக வைத்திருந்தார். முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. லீவுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் திரும்பியவருடைய முகம். சட்டை காய்ந்திருந்தது. வெயில் காலத்தில் எங்கள் ஆட்களில் ஒருவருடைய சட்டை காய்ந்திருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நவாஸ் அவரைத் தூக்கினார். ஹம்சாக்கா காலைப் பிடித்தார். பிடிப்பதற்கு முன்னால் அவர் தன் வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டதைப் பார்த்தேன். பழக்கம். ஒரு முழச் சந்து வழியாக, நாலுபேர், ஒருவர் பின் ஒருவராக ஒரு உடம்பைச் சுமந்துகொண்டு ஓடினோம். அப்போதும் ஒருத்தருடைய முழங்கையும் வண்டியில் படவில்லை.

சரிவுப் பலகையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினோம். நவாஸ் நிறுத்தவே இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவருடைய தோளைத் தட்டி, “கலாஸ்,” என்றார்கள். முடிந்தது என்று அர்த்தம். நவாஸுக்கு அந்த வார்த்தை தெரியாத மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

புத்தம் புதிது

யூர்கன் அப்புறம் எனக்கு விளக்கினார். விஷப்புகை ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்குமாம். ஏசி வெளிக்காற்றை உறிஞ்சும்படிதான் வண்டிகளை அனுப்புவார்களாம். உள்காற்றுக்கு மாற்ற ஒரு பித்தான் இருக்கிறது. அது தெரிந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அப்படியானால் கைக்குட்டை, என்றேன்.

“அது ரோட்டுக்கு. மூடிய அறையில் எந்த வண்டியும் சுத்தம் கிடையாது.” பிறகு, “இதையும் படத்தில் போடவில்லை,” என்றார்.

காகிதத்தில் இதயம் நின்றதால் மரணம் என்று எழுதினார்கள். தப்பில்லை. கடைசியில் எல்லாருக்கும் அதுதான் நிற்கிறது. நவாஸை ஒரு வாரம் விசாரித்தார்கள், பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் பஸ் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கி, தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வண்டியைப் போலீஸார் படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். வண்டியில் குறை எதுவும் இல்லை. சீட்டின் பிளாஸ்டிக்கை உரித்துப் புதுப் பிளாஸ்டிக் போட்டார்கள். ஓடிய தூரம் கப்பலிலிருந்து யார்டு வரைதான். கண்ணாடியில் நான்தான் ‘கீச்’ என்று சத்தம் எழுப்பினேன். வேறு யார் எழுப்புவது? அது புத்தம் புதிய காராக ஷோரூமுக்குப் போனது. வாங்கியவர் பிளாஸ்டிக்கை உரிக்கவேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

அதன்பின் இடைவேளைக்குத் தகரக் கூரையின் கீழ் ஒரு பெரிய விசிறி வந்தது. புகை பற்றிய எச்சரிக்கையை மூன்று மொழியில் எழுதி ஒட்டினார்கள். தமிழில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சடித்தவன் தலைகீழாக ஒட்டிவிட்டான். படம் மாறவில்லை. கைக்குட்டை வரும்போது புதுப் பையன்கள் கைதட்டுவார்கள். நான் படத்தை நிறுத்திவிட்டு, கையைத் தட்டாதீர்கள், அந்தப் பெண் திறந்த வெளியில் நிற்கிறாள் பாருங்கள் என்று சொல்லுவேன். மாஸ்டர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டுவார்கள். ஜோக்கர் என்று பெயரெடுத்தவன் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லவும் முடியாது.

வசந்தி அக்கா

கம்பெனியிலிருந்து குணம் அண்ணன் வீட்டுக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டார்கள். அவர் இறந்த மறுநாள் இடைவேளையில் என் போன் அடித்தது. அவர் மனைவி எப்போதும் அவரைக் கூப்பிடுகிற நேரம் அது.

“மாஸ்டர் தம்பியோ? நான் குணத்தின்ர மனுசி, வசந்தி.”

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. உங்களைப் பற்றி அவர் நிறையச் சொல்லுவார், நீங்கள் கதைக்கிற இந்தியைச் செய்துகாட்டிச் சிரிப்பார் என்றார். அழவில்லை. முந்தின ராத்திரி முழுக்க அழுது முடித்தவர்களின் குரல். பெட்டி எப்போது வரும் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தலை சுற்றியதா என்று கேட்டார். காலையில் கொஞ்சம் என்றேன். யாரையாவது கூப்பிட்டாரா என்று கேட்டார். கூப்பிடவில்லை அக்கா, தூக்கத்திலேயே என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அப்படித்தான் சொன்னேன். செருப்பை ஜோடியாக வைத்திருந்ததைச் சொன்னேன். அது அவர் வழக்கம் என்றார்.

போன் வெட்டிவிட்டதோ என்று பார்த்தேன். வெட்டவில்லை. அங்கே எங்கேயோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

“என்ன கார் தம்பி?”

கம்பெனியின் பெயரைச் சொன்னேன். நல்ல கார் அக்கா என்றும் சேர்த்துக்கொண்டேன். வாயில் வந்துவிட்டது.

“தெரியும். படம் அனுப்பிறவர்.” மூச்சு விட்டார். “ஏசி போட்டிருந்தவரோ?”

“போட்டிருந்தாரு அக்கா.”

“அவருக்கு அங்கத்தை வெக்கை ஒத்துக்கொள்ளிறதே இல்லை. ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொல்லுவார். முதுகெல்லாம் கொப்பளம் எண்டு.” ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தார். “அப்ப வேர்க்காமத்தான் போயிருக்கிறார், என்ன?”

“ஆமா அக்கா,” என்றேன். “சட்டை காஞ்சுதான் இருந்தது.”

“சரி தம்பி,” என்று போனை வைத்தார்.